கரையில் இறங்கும் நாள்களும் காப்பீட்டுத் தாள்களும்: ஒரு சொகுசுக் கப்பல் பயணத்தின் மதிப்பீடு

2025 செப்டம்பர் தொடக்கத்தில் நானும் என் கணவரும் 74 வயதான என் அம்மாவும், ரோம் நகருக்குத் துறைமுகமாக விளங்கும் சிவிட்டாவெக்கியாவில் கப்பலேறி, லிவோர்னோ, நேப்பிள்ஸ், கட்டக்கோலோன், சாந்தோரினி, மைக்கொனோஸ், துருக்கியின் குஷாதாசி ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று, ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்குவதாகப் பயணத் திட்டம் அமைந்திருந்தது. கப்பலின் அறை, உணவு, பணிவிடை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்குப் பலர் இருக்கிறார்கள். அவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் மதிப்பிட விரும்புவது, பயணச்சீட்டை வாங்கிய பிறகு நாமே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டிய இரண்டு விஷயங்களை: ஒவ்வொரு துறைமுகத்திலும் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடு, பயணக் காப்பீடு. இவற்றை நாங்கள் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு ஆள்களிடம், ஒன்றோடொன்று தொடர்பே இல்லை என்ற நினைப்பில் வாங்கினோம். குஷாதாசி மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு நாள் கெட்டுப்போனால் அதன் செலவு யார் தலையில் விழும் என்ற ஒரே கேள்விக்கான இரண்டு பாதிப் பதில்கள் அவை என்பது எனக்கு உறைத்தது.

நிறுவனங்களின் பெயர்களை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிபந்தனைகளில் பெரும்பாலானவை எந்த நிறுவனத்தின் தாளை எடுத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கக்கூடியவை என்பதால், பெயரைவிட அந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பதே வாசகர்களுக்குப் பயன்படும்.

காப்பீட்டிலிருந்து தொடங்குகிறேன். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குள் ஒரே விசாவில் சென்றுவர உதவும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பாலிசி வேண்டும் என்பது விதி. அதனால் நம் ஊரில் பல பேர், விசா விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய தாள்களில் ஒன்றாக மட்டும் காப்பீட்டைப் பார்த்து, இருப்பதிலேயே பிரீமியம் குறைந்ததை வாங்கிவிடுகிறார்கள். எங்களுக்கு முதலில் வந்த விலைப்பட்டியலும் அப்படிப்பட்டதுதான். தொகை குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, பணம் கட்டப் போகும் நேரத்தில், பாலிசி செல்லுபடியாகும் இடம் என்ற கட்டத்தில் ஷெங்கன் நாடுகள் என்று மட்டும் போட்டிருப்பதை என் கணவர் கவனித்தார். எங்கள் வழித்தடத்தில் ஒரு நாள் துருக்கியில் இருக்கிறது. துருக்கி ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஏஜென்டிடம் கேட்டபோது, ஒரே ஒரு நாள்தானே, அதுவும் பகல் பொழுது மட்டும்தானே என்றார். அந்த ஒரே ஒரு பகலில்தான் அம்மா விழுந்தார்.

அமெரிக்காவும் கனடாவும் நீங்கலாக உலகம் முழுவதற்கும் செல்லும் பாலிசியை, ஆளுக்கு 1 லட்சம் டாலர் வரம்பில் மாற்றி வாங்கினோம். இதே காரணத்தால் விசாவிலும் கவனம் தேவைப்பட்டது: கிரேக்கத்திலிருந்து குஷாதாசிக்குச் செல்லும்போது ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி, பிரேயஸில் மறுபடியும் உள்ளே நுழைகிறோம் என்பதால், ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது, பல முறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கப்பலை விட்டே இறங்காதவர்கள்போல எண்ணிக்கொண்டு இதைத் தவறவிட்டுவிடக் கூடாது.

அடுத்தது, முன்பே உள்ள நோய்களைப் பற்றிய கேள்வி. அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருக்கின்றன. மாத்திரையில் கட்டுக்குள்தான் இருக்கிறது, எழுத வேண்டாம், எழுதினால் பிரீமியம் ஏறும் என்று அந்த ஏஜென்ட் அறிவுரை சொன்னார். நாங்கள் இரண்டையும் எழுதினோம், பிரீமியமும் கூடியது. நம் நாட்டுப் பயணக் காப்பீடுகள் பலவற்றில், முன்பே உள்ள நோயால் வரும் செலவு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் மட்டும் கிடைக்கும். ஆனால் மறைத்து வாங்கினால், அந்த நோயோடு சம்பந்தமே இல்லாத கிளெய்மைக்கூட மறைத்த காரணத்தைக் காட்டி இழுத்தடிக்க இடம் கொடுத்தவர்களாகிறோம். வயதானவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், ஏஜென்ட் தரும் இந்த ஒரு அறிவுரையை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனிக் கரைச்சுற்றுலா. சொகுசு வகைக் கப்பல்களில் இதற்குப் பல முறைகள் இருக்கின்றன. ரீஜென்ட் செவன் சீஸ் போன்ற நிறுவனத்தில் பெரும்பாலான சுற்றுலாக்கள் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். வைக்கிங் கடல் பயணங்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒன்று இலவசம், மற்றவற்றுக்குத் தனிக் கட்டணம். நாங்கள் சென்ற கப்பலும் இரண்டாவது முறையைப் பின்பற்றியது. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே இணையக் கணக்கில் பதிவு திறந்தது. இலவசம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் பெயரைக் கொடுத்துவிடாமல், மூன்று விஷயங்களைப் பார்த்துத் தீர்மானித்தது நன்றாக அமைந்தது: பார்க்க வேண்டிய இடம் துறைமுகத்திலிருந்து எவ்வளவு தூரம், கப்பல் கரையோடு அணைந்து நிற்கிறதா அல்லது நடுக்கடலில் நங்கூரமிட்டு டெண்டர் படகில் ஆள்களை இறக்குகிறதா, திரும்பி வரத் தாமதமானால் பொறுப்பு யாருடையது.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் தெளிவானது. கப்பல் நடத்தும் சுற்றுலாவில் சென்ற பேருந்து போக்குவரத்து நெரிசலில் சிக்கினால், கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைத் தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நீங்களாகப் பேசிக்கொண்ட வண்டியில் போய்த் தாமதித்தால் கப்பல் நேரத்துக்குக் கிளம்பிவிடும். அப்படித் தவறவிட்டவர்கள் அடுத்த துறைமுகத்துக்குச் செல்லும் செலவைப் பாலிசி தரும் என்று பலர் நம்புகிறார்கள்; எங்கள் பாலிசியில் அந்தப் பலன், விமானம் போன்ற பொதுப் போக்குவரத்து தாமதமானால் மட்டும்தான் என்று இருந்தது. தனி வாடகைக் காரின் டயர் வெடித்தது அதில் சேராது.

ரோமுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டோம். எங்கள் பெட்டிகளில் ஒன்று அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தது என்பதால், கப்பல் கிளம்பும் நாளிலேயே போய் இறங்கியிருந்தால் அம்மாவின் உடைகளும் மாத்திரைகளில் பாதியும் இல்லாமல் ஏறியிருக்க வேண்டியிருக்கும். லிவோர்னோவிலிருந்து ஃப்ளோரன்ஸுக்குச் செல்லப் பேருந்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். கப்பல் சுற்றுலாவில் போனோம், அம்மா கப்பலிலேயே ஓய்வெடுத்தார். சரியான முடிவு, அங்கே நாள் முழுக்க நடைதான். உங்கள் கப்பல் அங்கே திங்கள்கிழமை நிற்குமானால், உஃபிட்ஸி கலைக்கூடத்துக்கு அன்று விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். கட்டக்கோலோனிலிருந்து ஒலிம்பியாவுக்குச் சென்ற சுற்றுலா அமைதியாக நடந்து முடிந்தது.

நேப்பிள்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பலின் உதவி தேவைப்படாத துறைமுகத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கப்பல் ஊரின் மடியிலேயே அணைகிறது. படியிறங்கினால் எதிரே பழைய கோட்டை, சாலையைக் கடந்தால் மெட்ரோ நிலையம். என் கணவர் கப்பல் பேருந்தில் பொம்பெய்க்குப் போனார். அங்கே 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு வந்து, நுழைவுச்சீட்டில் பெயரும் அச்சிடப்படுவதால், சீட்டு ஏற்பாட்டைக் கப்பலே பார்த்துக்கொண்டது அவருக்கு நிம்மதியாக இருந்தது. நானும் அம்மாவும் முனிசிப்பியோ நிலையத்தில் மெட்ரோ ஏறி, மூன்றாவது நிறுத்தமான மூசெயோவில் இறங்கி, தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை தவிர மற்ற நாள்களில் திறந்திருக்கும். பொம்பெய் இடிபாடுகளுக்கிடையே 1938ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ ஒரு சாண் உயரமே உள்ள, இந்தியாவில் செதுக்கப்பட்ட தந்தச் சிற்பம் ஒன்று அங்கே இருக்கிறது. முதலில் இலட்சுமி என்றும் பிறகு இயக்கி என்றும் அறிஞர்கள் சொல்லும் அந்தப் பெண் உருவத்தின் கால்களில் முழங்கால் வரை அடுக்கிய தண்டைகளை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயைப் புதைப்பதற்கு முன்பே கடல் கடந்து அங்கே போய்ச் சேர்ந்த சிற்பம் அது. எந்தக் கப்பலின் சுற்றுலாப் பட்டியலிலும் நான் அதைக் காணவில்லை. பயணத்தின் மிகச் சிறந்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு இரண்டு மெட்ரோ சீட்டும் நுழைவுக் கட்டணமும் மட்டுமே ஆயிற்று.

சாந்தோரினியில் நிலைமை நேர்மாறு. கப்பல் கரையோடு அணைய இடமில்லை. எல்லாரும் டெண்டர் படகில்தான் இறங்க வேண்டும், கப்பல் சுற்றுலாவில் இருப்பவர்களுக்கே முதல் படகுகள். தனியாகப் போகிறவர்களைப் படகு பழைய துறையில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து மலை உச்சியில் உள்ள ஃபிராவுக்கு ஏறக் கேபிள் கார், கழுதை, கிட்டத்தட்ட 600 படிகள் என மூன்றே வழிகள். கப்பல் சுற்றுலாப் பயணிகளை அதினியோஸ் என்ற வேறொரு துறையில் இறக்கி, அங்கிருந்து பேருந்தில் மேலே கொண்டுபோகிறார்கள். வயதானவர்களோடு செல்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே கப்பல் சுற்றுலாவை எடுக்கலாம். ஆனால் விளம்பரத் தாளில் தடித்த எழுத்தில் போட வேண்டிய ஒன்றை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை: சுற்றுலா ஃபிராவில் முடிந்துவிடுகிறது, அங்கிருந்து கீழே இறங்க நாமும் மற்றவர்களோடு கேபிள் கார் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்தத் தீவுக்கு ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025இல் வரம்பு வைத்த பிறகும், மாலை நேரத்தில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வெயிலில் நின்றோம். கேபிள் காருக்குக் கட்டணச் சீட்டைக் கையில் கொடுத்தால் போதுமா, எந்நேரத்துக்கு வரிசைக்கு வர வேண்டும் என்று வழிகாட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? கப்பலின் சுற்றுலா மேசைக்கு நான் கொடுத்த மதிப்பெண் இங்கே குறைந்தது.

மைக்கொனோஸில் நாங்கள் இறங்கவே இல்லை. அங்கிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில் உள்ள டீலோஸ் தீவின் இடிபாடுகளைப் பார்க்க, கப்பல் நடத்திய சுற்றுலாவைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில், உள்ளூர் வழிகாட்டி ஒருவரிடம் நாங்கள் தனியாகப் பதிவு செய்து முழுப் பணமும் கட்டியிருந்தோம். காலை ஆறரை மணிக்குக் கேப்டனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது: காற்று வரம்பை மீறிவிட்டது, துறைமுகத்தை விட்டுவிட்டு நேராகச் செல்கிறோம். ஈஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி என்ற இந்தக் காற்று மழையோடோ மேகத்தோடோ வருவதில்லை. வானம் துடைத்துவைத்ததுபோல நீலமாக இருந்தது. மேல்தளத்தில் நாற்காலிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள். தீவின் வெள்ளை வீடுகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மெல்ல நகர்ந்து போயின.

அன்று கணக்கு இப்படி முடிந்தது. கப்பல் வழியாகச் சுற்றுலா பதிவு செய்திருந்தவர்களுக்கு முழுத் தொகையும் அன்று மாலையே அறைக் கணக்கில் திரும்ப வந்துவிட்டது. எங்களுக்குத் துறைமுகக் கட்டணமும், கப்பல் பயணிகளுக்குக் கிரேக்க அரசு 2025 ஜூலையில் கொண்டுவந்த 20 யூரோ இறங்கு கட்டணமும் மட்டும் கிடைத்தன. வானிலையைக் கருதித் துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்றும் அதற்கு ஈடு கிடையாது என்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது, அதில் எனக்கு வழக்கு இல்லை. காற்றில் ஆயிரம் பேரின் உயிரோடு விளையாடாத கேப்டனை நான் மதிக்கிறேன். உள்ளூர் வழிகாட்டி, 48 மணி நேரத்துக்கு முன்பு சொன்னால்தான் பணம் திரும்பும் என்ற தன் விதியைக் காட்டினார். காப்பீட்டு நிறுவனமோ, பயணம் முழுவதும் ரத்தானாலோ பாதியில் முறிந்தாலோதான் பலன் உண்டு, ஒரு துறைமுகம் தவறியது அதில் அடங்காது என்று எழுதிவிட்டது. தவறிய துறைமுகத்துக்கும், நோயால் அறைக்குள் அடைபட்ட நாள்களுக்கும் ஈடு தரும், பாலிசியோடு சேர்த்து வாங்கக்கூடிய கப்பல் பயண இணைப்புகளைச் சில நிறுவனங்கள் தனியாக விற்கின்றன; நாங்கள் கேட்கவும் இல்லை, ஏஜென்ட் சொல்லவும் இல்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் தொடக்கம் ஆகிய மாதங்களில் ஈஜியன் தீவுகளுக்குச் செல்கிறவர்கள், தனியாகப் பதிவு செய்வதானால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் தருகிறவர்களிடம் மட்டும் செய்யுங்கள். அப்படித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

குஷாதாசிக்கு வருகிறேன். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் எபேசஸ் என்ற பண்டைய நகரத்தின் இடிபாடு, விவிலியம் படித்தவர்களுக்கு எபேசு, இருக்கிறது. கப்பலின் இலவசச் சுற்றுலாவில் நடுத்தரச் சிரமம் என்று குறித்திருந்தார்கள். மேல் வாயிலில் இறக்கிவிட்டுக் கீழ் வாயில் வரை இறக்கமாகவே நடக்கவைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் செல்சுஸ் நூலகத்தை நோக்கி இறங்கும் தெருவின் பளிங்குக் கற்கள் நூற்றாண்டுகளாகப் பல இலட்சம் கால்கள் தேய்த்துத் தேய்த்துக் கோயில் கருவறை வாசற்படிபோல மழமழப்பாக இருக்கின்றன. அம்மா புதிதாக வாங்கிய வெள்ளைக் காலணியை அணிந்திருந்தார், அடிப்பகுதி தட்டையானது. நூலகத்தின் முகப்பைப் பார்த்துத் தலையை நிமிர்த்திய அந்த நொடியில் இடது கால் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தார். “ஒண்ணும் இல்லடி, கை கொஞ்சம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான்” என்றார். மணிக்கட்டு ஒரு பக்கமாக வீங்கத் தொடங்கியிருந்தது.

இதற்குப் பிறகு நடந்தவற்றுக்காகக் கப்பலின் சுற்றுலாப் பிரிவை நான் எத்தனை பாராட்டினாலும் தகும். வழிகாட்டிப் பெண் தன் துப்பட்டாவைக் கழற்றித் தூளி கட்டினார். கப்பலுக்கும் துறைமுகத்தில் இருக்கும் அதன் உள்ளூர் ஏஜென்டுக்கும் உடனே தகவல் சொன்னார். கீழ் வாயிலுக்கு வண்டி வந்தது. கப்பலிலிருந்து ஒரு அலுவலர் நேரே மருத்துவமனைக்கு வந்து, மாலை ஐந்தரைக்குள் கப்பலேற வேண்டிய எங்களுக்காக மருத்துவரிடம் துருக்கிய மொழியில் பேச ஆள் ஏற்பாடு செய்தார். தனி டாக்ஸியில் போயிருந்தால் இந்த ஆள்களில் ஒருவர்கூட எங்களுக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். மணிக்கட்டில் மெல்லிய விரிசல், மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐந்து மணிக்குக் கப்பலில் இருந்தோம்.

நான் செய்த சரியான காரியம் ஒன்றே ஒன்று: மருத்துவமனைக்குள் நுழைவதற்கு முன்பே, பாலிசித் தாளில் இருந்த 24 மணி நேர உதவி எண்ணை அழைத்துப் பதிவு எண் வாங்கிக்கொண்டேன். வெளிநோயாளியாகப் பார்த்ததால் பணத்தை நாங்களே கட்டிப் பிறகு பெற வேண்டியிருந்தது. கப்பலின் மருத்துவரும் அன்றிரவு கட்டைப் பார்த்து, வலி மாத்திரை கொடுத்து, அதற்கான கட்டணத்தை அறைக் கணக்கில் எழுதினார். எத்தனை சொகுசான கப்பலானாலும் அதன் மருத்துவ அறை இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் அங்கே செல்லாது, ரசீதைத்தான் கொண்டுவர வேண்டும். நிலைமை மோசமாகி நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்பதை எண்ணித்தான், அவசர மருத்துவ இடமாற்றத்துக்கான வரம்பைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

கிளெய்ம் தீர ஐந்து வாரம் ஆயிற்று. ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள், துருக்கிய மொழியில் இருக்கும் மருத்துவ அறிக்கையை ஏற்க முடியாது, ஆங்கிலத்தில் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது; எலும்பு பலவீனத்துக்கு முன்பே சிகிச்சை பெற்றாரா என்று அடுத்த மின்னஞ்சல். முதலாவதற்கு அந்த மருத்துவமனைக்கே எழுதி இரண்டு வாரம் காத்திருந்தோம். வெளியேறும்போதே கேட்டிருந்தால் கையோடு தந்திருப்பார்கள். இரண்டாவதற்கு, நாங்கள் முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்த இரத்தக் கொதிப்பு, சர்க்கரை விவரங்களும் குடும்ப மருத்துவரின் கடிதமும் போதுமாக இருந்தன. பாலிசியில் சொன்னபடி முதல் 100 டாலரைக் கழித்துக்கொண்டு, மருத்துவமனைக் கட்டணமும் கப்பல் மருத்துவரின் கட்டணமும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தன. பெட்டி தாமதமானதற்குக் கேட்ட சிறு தொகையும் கிடைத்தது. டீலோஸ் பணம் போனது போனதுதான்.

கப்பலின் சுற்றுலா ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைந்த ஒன்று சாந்தோரினியின் கேபிள் கார் வரிசைக்கும், எபேசஸின் கல்லைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை அச்சிடாததற்கும். காப்பீட்டுக்கு மூன்றரை. எங்களுக்கு அதை விற்ற ஏஜென்டிடம் மறுபடியும் போக மாட்டோம். பாலிசியின் முழு விதிகளையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, படித்த பிறகே பணம் கட்டுவோம். அம்மாவின் கட்டைப் பிரித்தாகிவிட்டது. அந்த வெள்ளைக் காலணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடியில் ஆழமாக வரிவெட்டிய ரப்பர் காலணி ஒன்றை அவரே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்.